திரையில் தெரியும் பிரிட்டன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம்மூரில் 'இங்கிலீஷ் படம்' என்றால் ஹாலிவுட், லண்டன், ஆஸ்திரேலியா எல்லாம் ஒரே பெட்டிக்குள் போய்விடும். அதிலிருந்து பிரிட்டனை மட்டும் தனியே எடுத்துப் பேச ஆரம்பித்தால், நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இந்தக் கேள்விகளைத்தான். அந்தப் படங்களைப் பல வருஷமாகப் பார்த்து வருகிறேன். பதில்களில் கொஞ்சம் பாசமும் கொஞ்சம் எரிச்சலும் கலந்திருக்கும்.

இங்கிலீஷ்காரர், பிரிட்டிஷ்காரர்: இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. நாம் 'வெள்ளைக்காரன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். கிளாஸ்கோவில் போய் யாரையாவது 'இங்கிலீஷ்காரர்' என்று சொல்லிப் பாருங்கள், பதில் உடனே வரும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நான்கும் சேர்ந்த அரசு அது. ஸ்காட்லாந்து 1707இல் சேர்ந்தது, அயர்லாந்து 1801இல். 1922இல் அயர்லாந்தின் பெரும்பகுதி பிரிந்தும் போனது. யூனியன் ஜாக் கொடியில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து மூன்றின் சிலுவைகளும் உண்டு. வேல்ஸின் சிவப்பு டிராகனுக்கு மட்டும் இடமே கொடுக்கவில்லை.

இந்தக் குழப்பம் வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் உள்ளதல்ல. 1966 கால்பந்து உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் பழைய பதிவைப் பாருங்கள். ஆடுவது இங்கிலாந்து, ரசிகர்கள் ஆட்டுவது யூனியன் ஜாக். அதே வெம்பிளி மைதானத்தில் 1996 யூரோ கோப்பைப் போட்டிகளைப் பார்த்தால், வெள்ளையில் சிவப்புச் சிலுவை போட்ட இங்கிலாந்துக் கொடிதான் எங்கும் தெரியும். முப்பது வருஷத்தில் ஒரு கூட்டம் தன் பெயரை மாற்றிக்கொண்டதை டிவி கேமரா அப்படியே பிடித்து வைத்திருக்கிறது.

ஒரு படம் 'பிரிட்டிஷ் படம்'தானா என்று யார் முடிவு செய்கிறார்கள்?

சிரிக்காதீர்கள், அதற்கு மார்க் போடுகிறார்கள். வரிச்சலுகை வேண்டுமென்றால் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் நடத்தும் 'பண்பாட்டுச் சோதனை'யில் தேற வேண்டும். மொத்தம் 35, பாஸ் மார்க் 18. கதை எங்கே நடக்கிறது, பாத்திரங்கள் எந்த நாட்டவர், மூலக்கதை யாருடையது என்பவற்றுக்கு ஆளுக்கு நான்கு. வசனத்தின் மொழிக்கு ஆறு. மிச்சம் பெரும்பாலும் எடுத்த இடம், எடுத்தவர்கள் என்று போகும்.

இந்த மாதிரிக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 'கிராவிட்டி' நல்ல உதாரணம். பிரிட்டிஷ் சினிமாவின் பெரிய விருதான பாஃப்டாவுக்கு அளவுகோல் வேறு என்றாலும், 2014இல் சிறந்த பிரிட்டிஷ் படத்துக்கான பாஃப்டா அதற்குத்தான் போனது. இயக்குநர் மெக்சிகோக்காரர், முக்கிய நடிகர்கள் இருவரும் அமெரிக்கர், கதை நடப்பது பூமிக்கு வெளியே. உழைப்பு மட்டும் பெரும்பாலும் லண்டனில்.

பிரிட்டன் என்றால் உடனே ஜேம்ஸ் பாண்ட்தானே நினைவுக்கு வருகிறார்?

வரத்தான் செய்யும். 1977இல் வந்த 'தி ஸ்பை ஹூ லவ்டு மீ'யின் ஆரம்பக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. மஞ்சள் உடுப்பில் பனிச்சறுக்கி வரும் பாண்ட், மலை விளிம்பைத் தாண்டிப் பாய்கிறார். இசை சட்டென்று நின்றுவிடுகிறது. காலில் இருந்த ஸ்கீ கட்டைகள் கழன்று தனியே விழுகின்றன. விழுகிறார், விழுந்துகொண்டே இருக்கிறார். அப்புறம் பாராசூட் விரிகிறது, வானம் அடைக்க ஒரு யூனியன் ஜாக்!

அந்த வருஷம் எலிசபெத் ராணியின் ஆட்சிக்கு வெள்ளிவிழா. அதற்கு முந்தைய வருஷம்தான் பிரிட்டன் சர்வதேச நாணய நிதியத்தின் (ஐஎம்எஃப்) வாசலில் 390 கோடி டாலர் கடனுக்கு நின்றது. கையில் காசில்லாத நேரத்தில் கொடி எவ்வளவு பெரிதாக விரிகிறது பாருங்கள். இனி இன்னும் கிட்டே போவோம். குதித்தவர் ரிக் சில்வெஸ்டர், அமெரிக்க ஸ்டன்ட் கலைஞர். குதித்த மலை கனடாவின் பாஃபின் தீவில். தயாரிப்பாளர் புரோக்கோலி அமெரிக்கர். முதலீடு யுனைட்டெட் ஆர்ட்டிஸ்ட்ஸ், அதுவும் அமெரிக்கா.

பாண்டாக நடித்தவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியர், ஒருவர் ஐரிஷ்காரர். சினிமாவின் முதல் பாண்டான ஷான் கானரி, ஸ்காட்லாந்து பிரிட்டனை விட்டுத் தனிநாடாக வேண்டும் என்று கடைசிவரை சொன்னவர். 'லவ் ஆக்சுவலி'யில் பிரதமராக வரும் ஹியூ கிரான்ட் அமெரிக்க ஜனாதிபதியின் முன்னால் நாட்டுப் பெருமைகளை அடுக்கும்போது, ஷேக்ஸ்பியர், சர்ச்சில், பீட்டில்ஸோடு ஷான் கானரியையும் சேர்த்துக்கொள்வார். கானரி அதைக் கேட்டு என்ன நினைத்திருப்பாரோ.

இந்தப் பிம்பத்தை முதலில் உருவாக்கியது யார்?

பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல நினைப்பதே அதுதான்.

1920களில் பிரிட்டிஷ் தியேட்டர்களில் ஓடியதெல்லாம் அமெரிக்கப் படங்கள். 1927இல் ஒரு சட்டம் போட்டு, தியேட்டர்கள் இத்தனை சதவீதம் உள்நாட்டுப் படம் காட்டியே தீர வேண்டும் என்றார்கள். கணக்குக் காட்டுவதற்காக அவசர அவசரமாக எடுத்த மட்டமான படங்கள் குவிந்தன. அந்தக் குப்பைக்கு நடுவில் ஹங்கேரியிலிருந்து வந்த அலெக்சாண்டர் கோர்டா 1933இல் எட்டாம் ஹென்றியைப் பற்றி ஒரு படம் எடுத்தார். ராஜா கோழியைக் கையால் பிய்த்துத் தின்று எலும்பைத் தோளுக்குப் பின்னால் வீசுவார். இன்றைக்கும் எட்டாம் ஹென்றி என்றால் ஜனங்களுக்கு அந்தக் கோழிதான் ஞாபகம்.

கோர்டா அடுத்து சாம்ராஜ்யப் படங்களில் இறங்கினார். மைசூரில் யானைப் பாகன் மகனாகப் பிறந்த சாபுவை நட்சத்திரமாக்கியவரும் அவரே. 1938இல் வந்த 'தி டிரம்' வடமேற்கு எல்லைப்புறத்தில் நடக்கும் கதை. துரைமார் நல்லவர்கள், கலகக்காரர்கள் துரோகிகள். அது பம்பாயிலும் சென்னையிலும் திரைக்கு வந்தபோது எதிர்ப்பு கிளம்பியது. சாம்ராஜ்யத்தின் குடும்பப் படத்தில் தன்னை எங்கே நிற்க வைத்திருக்கிறார்கள் என்று இங்கிருந்த ரசிகனுக்கு அப்போதே புரிந்திருக்கிறது.

இன்னொரு ஹங்கேரியர் எமெரிக் பிரெஸ்பர்கர். மைக்கேல் பவலோடு சேர்ந்து 1943இல் 'கர்னல் பிளிம்ப்' எடுத்தார். போர் உச்சத்தில் இருக்கும்போது நல்ல ஜெர்மானியன் ஒருவனைக் காட்டியது சர்ச்சிலுக்குப் பிடிக்கவில்லை, தடுக்கப் பார்த்தார். அதில் ஒரு காட்சி: அகதியாக வந்த வயதான ஜெர்மன் அதிகாரி, 1939இல் அயலாரை விசாரிக்கும் அலுவலர் முன் உட்கார்ந்திருக்கிறார். மனைவி இங்கிலாந்துக்காரி, இறந்துவிட்டாள். பிள்ளைகள் நாஜிகளாகிவிட்டார்கள். ஏன் இங்கே வந்தேன் என்று குரலை உயர்த்தாமல், நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார். நடித்த ஆன்டன் வால்புரூக்கும் நாஜிகளால் நாட்டை விட்டு வந்த ஆஸ்திரியர். இங்கிலாந்தின் மேல் உள்ள பிரியத்தை இவ்வளவு ஆழமாகச் சொன்ன காட்சி வேறெதையும் நான் பார்த்ததில்லை. அதை எழுதியவர் அகதி, பேசியவரும் அகதி.

ஈலிங் காமெடி என்கிறார்களே, அது என்ன?

மேற்கு லண்டனில் ஈலிங் என்ற இடத்தில் மைக்கேல் பால்கன் நடத்திய ஸ்டூடியோ. போருக்குப் பிறகு அங்கிருந்து வந்த நகைச்சுவைப் படங்களில் ஒரு தெருவோ தீவோ ஒன்றுசேர்ந்து அதிகாரிகளை ஏமாற்றும். பெரிய மனிதர் கிடையாது, ரேஷன் கார்டும் குடையும் உண்டு. 1955இல் ஸ்டூடியோவை பிபிசிக்கு விற்றபோது பால்கன் ஒரு கல்வெட்டு பதித்துவிட்டுப் போனார். பிரிட்டனையும் பிரிட்டிஷ் குணத்தையும் உலகுக்குக் காட்டிய படங்கள் கால் நூற்றாண்டு இங்கே எடுக்கப்பட்டன என்பது அதன் சாரம். ஒரு நாட்டின் குணத்தைத் தயாரித்த இடம் இது என்று தொழிற்சாலை வாசலில் எழுதி வைத்த மாதிரி.

எப்போது பார்த்தாலும் மாளிகை, பட்லர், தேநீர்க் கோப்பை. ஏன்?

விற்கிறது, அதனால். அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி 1971லிருந்து 'மாஸ்டர்பீஸ் தியேட்டர்' (2008 முதல் வெறும் 'மாஸ்டர்பீஸ்') என்ற பெயரில் பிரிட்டிஷ் தொடர்களை வாங்கிக் காட்டிவருகிறது. 'டவுன்டன் அபி'யைத் தயாரித்த கார்னிவல் நிறுவனம் அமெரிக்காவின் என்பிசி யுனிவர்சலுக்குச் சொந்தம். கேட்கிற ஆள் கேட்கிற சரக்கைத்தான் கடைக்காரன் முன்னால் வைப்பான்.

தாட்சர் ஆட்சிக்காலத்தில் ஆலைகள் மூடிக்கொண்டிருந்தபோதுதான் இந்த மாளிகைப் படங்கள் பெருகின. விமர்சகர்கள் இவற்றுக்கு 'பாரம்பரியப் படங்கள்' என்று பெயர் வைத்து, பழசைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்க்கிறார்கள் என்று திட்டினார்கள். 'ஹவார்ட்ஸ் எண்ட்' மாதிரி அசல் இங்கிலாந்து மணம் வீசும் படங்களைத் தந்த மூவரைப் பாருங்கள்: தயாரிப்பாளர் இஸ்மாயில் மெர்ச்சன்ட் பம்பாய்க்காரர், இயக்குநர் ஜேம்ஸ் ஐவரி அமெரிக்கர், திரைக்கதை எழுதிய ரூத் பிராவர் ஜாப்வாலா ஜெர்மனியில் பிறந்த யூதப் பெண்மணி, டெல்லியில் குடித்தனம் நடத்தியவர்.

எனக்கு எரிச்சல் தருவது அந்த எஜமானர்களின் கருணைதான். 1911இல் பிரிட்டனில் வீட்டுவேலை செய்து பிழைத்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். திரையில் அவர்கள் எல்லோருக்கும் தங்கமான முதலாளி கிடைத்துவிடுகிறார்.

சாதாரண ஜனங்களைக் காட்டுவதே இல்லையா?

காட்டுகிறார்கள், அபாரமாக. மான்செஸ்டர் பக்கத்து ஒரு தெருவைச் சுற்றி நகரும் 'கோரனேஷன் ஸ்ட்ரீட்' டிவி தொடர் 1960இல் தொடங்கி இன்னும் ஓடுகிறது. கென் லோச்சின் 'கெஸ்' (1969) பார்ன்ஸ்லி சுரங்க ஊர்ப் பையன் ஒருவன் வல்லூறு வளர்க்கும் கதை. அந்த ஊர்ப் பேச்சு அமெரிக்கர்களுக்குப் புரியாது என்று வசனத்தின் சில பகுதிகளை மறுபடி டப்பிங் செய்தார்கள். இங்கிலீஷுக்கு இங்கிலீஷ் டப்பிங்!

உச்சரிப்பு அங்கே சாதி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். 1922இல் பிறந்த பிபிசி, படித்த தென்பகுதிக்காரர்களின் உச்சரிப்பையே நாட்டின் குரலாக்கியது. 1941இல், யார்க்ஷயரின் ஹாலிஃபாக்ஸ் ஊர்க்காரரான வில்ஃபிரட் பிக்கிள்ஸைச் செய்தி வாசிக்க வைத்தார்கள். வடக்கே உள்ளவர்களுக்கு அவர் தம் ஊர்ப் பாணியில் 'குட் நைட்'டை 'குட் நீட்' என்று சொல்லி விடைபெற்றது பெரிய பேச்சாகிவிட்டது. அந்தக் குரலில் வந்தால் செய்தியை நம்ப முடியவில்லை என்றுகூடப் புகார் வந்தது. பிபிசி தமிழில் ஒலிபரப்பத் தொடங்கியதும் அதே 1941தான். தமிழோசையை நம்பியவர்கள் இங்கே எத்தனை பேர்!

ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து?

ஸ்காட்லாந்துக்குக் கிடைத்தது 'பிரேவ்ஹார்ட்' (1995). பெரும்பாலும் அயர்லாந்தில் எடுத்த படம், சரித்திரப் பிழைகள் ஏராளம். ஆனாலும் தேசிய உணர்வுக்கு எண்ணெய் ஊற்றியது. இரண்டு வருஷம் கழித்து, தனி நாடாளுமன்றம் வேண்டுமா என்ற பொதுவாக்கெடுப்பு செப்டம்பர் 11 அன்று நடந்தது. 1297இல் வில்லியம் வாலஸ் ஸ்டெர்லிங் பாலத்தில் இங்கிலாந்துப் படையை வென்ற அதே தேதி, சரியாக 700 வருஷம். வேண்டும் என்றுதான் தீர்ப்பு வந்தது.

வேல்ஸின் கதை தமிழருக்குச் சட்டென்று பிடிபடும். வேல்ஸ் மொழிக்குத் தனி டிவி தருவதாகச் சொன்ன அரசு பின்வாங்கியது. 1980இல் க்வின்ஃபர் எவன்ஸ் என்ற மூத்த தலைவர் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்று அறிவித்தார். உண்ணாவிரத நாள் வருவதற்குள் தாட்சர் இறங்கி வந்தார். 1982 நவம்பர் 1இல் எஸ்4சி என்ற அந்த வேல்ஸ் மொழிச் சேனல் ஒளிபரப்பைத் தொடங்கியது.

வட அயர்லாந்தில் நடந்தது விசித்திரம். 1988 முதல் 1994 வரை, ஒன்றுபட்ட அயர்லாந்து கேட்கும் சின் ஃபெய்ன் கட்சி உள்ளிட்ட சில அமைப்புகளின் பிரதிநிதிகள் அந்த அமைப்புகளுக்காகப் பேசும் குரலை ஒலிபரப்பக் கூடாது என்று தடை. முகத்தைக் காட்டலாம், சொன்னதைச் சொல்லலாம், குரல்தான் கூடாது. சேனல்கள் நடிகர்களைக் கூப்பிட்டு, சின் ஃபெய்ன் தலைவர் ஜெரி ஆடம்ஸின் உதட்டசைவுக்கு ஏற்ப வார்த்தைக்கு வார்த்தை டப்பிங் கொடுத்தன. நாட்டுக்குள் யார் அடக்கம் என்ற கேள்விக்கு ஒரு அரசு இதைவிட வெளிப்படையாகப் பதில் சொல்ல முடியாது.

குடியேறியவர்கள் இந்தப் படத்தில் எப்போது வந்தார்கள்?

1948 ஜூனில், ஒரு செய்திச் சுருளில். எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் கரீபியன் தீவுகளிலிருந்து டில்பரி துறைமுகம் வந்து சேர்கிறது. பாட்டு பாட முடியுமா என்று நிருபர் கேட்க, லார்ட் கிச்சனர் என்ற பெயரில் பாடிவந்த டிரினிடாட் பாடகர், லண்டன்தான் எனக்கேற்ற ஊர் என்று கலிப்ஸோ மெட்டில் பாடுகிறார். வாத்தியம் எதுவும் இல்லை. கோட்டும் தொப்பியும், முகத்தில் கொஞ்சம் கூச்சம். லண்டனை அவர் இன்னும் பார்த்திருக்கக்கூட இல்லை!

2014இல் வந்த 'பாடிங்டன்' படத்தில் தெருவோர இசைக்குழு அதே பாட்டைப் பாடும். பெருவிலிருந்து கள்ளத்தனமாகக் கப்பலேறி வந்து, கழுத்தில் சீட்டைக் கட்டிக்கொண்டு ரயில் நிலையத்தில் நிற்கும் கரடி. போர்க்காலத்தில் கழுத்தில் பெயர்ச்சீட்டோடு ரயிலேற்றப்பட்ட குழந்தைகளைப் பார்த்த நினைவில்தான் மைக்கேல் பாண்ட் அந்தக் கரடியைப் படைத்தார். ராணியின் 2022 விழாவில் அதே கரடி ராணியோடு தேநீர் குடித்தது. ராணி காலமானபோது ஜனங்கள் அந்தக் கரடிக்குப் பிடித்த மர்மலேட் சாண்ட்விச்களை வைத்து அஞ்சலி செலுத்த, தயவுசெய்து சாப்பாடு வைக்காதீர்கள் என்று பூங்கா நிர்வாகம் கெஞ்ச வேண்டியதாயிற்று. மூன்றாவது படத்துக்காக உள்துறை அலுவலகம் கரடிக்கு மாதிரிப் பாஸ்போர்ட்டே போட்டுக் கொடுத்தது. விண்ட்ரஷ் தலைமுறையில் பலரிடம், இத்தனை காலம் இங்கே வாழ்ந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டு வேலையைப் பறித்து, சிலரை நாடுகடத்தி, 2018இல் கையும் களவுமாகப் பிடிபட்டதும் அதே உள்துறைதான்.

'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' பார்த்துச் சிரித்தோமே, அது தப்பா?

நானும் சிரித்தவன்தான். வெளிநாட்டவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தரும் வகுப்பைப் பற்றி 1977இல் வந்த அந்தத் தொடரில் சர்தார்ஜியாக வரும் ஆல்பர்ட் மோசஸ் இலங்கையில் பிறந்தவர். அங்கே அது மட்டமான இனக்கேலி என்று 1979இல் சேனலே நிறுத்தியது. நம் பக்கம் இன்றுவரை ரசிக்கிறார்கள். இங்கிலீஷ் வகுப்பில் திணறிய அனுபவம் நமக்கும் உண்டல்லவா, அதனால் இருக்கும். கேலியைத் திருப்பிப் போட்டது 1998இல் பிபிசி டிவிக்கு வந்த 'குட்னெஸ் கிரேஷஸ் மீ'. அதில் நாலைந்து இந்தியர்கள் குடித்துவிட்டு 'இங்கிலீஷ் சாப்பாட்டுக்கடை'யில் ரகளை செய்து, இருப்பதிலேயே சப்பென்று இருப்பதைக் கொண்டுவா என்பார்கள்.

தமிழர்கள் எங்கே?

முன்வரிசைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் வந்த ரொமேஷ் ரங்கநாதன் பிபிசியின் முன்னணி நகைச்சுவைத் தொகுப்பாளர். 'பிரிட்ஜெர்டன்' இரண்டாம் சீசனில் (2022) அக்கா தங்கையாக வந்த சிமோன் ஆஷ்லி, சரித்ரா சந்திரன் இருவருமே தமிழ்ப் பூர்வீகம். சீமாட்டி உடையில் அக்கா 'அப்பா' என்று உச்சரிப்பதைக் கேட்டு எங்கள் வீட்டில் ஒரு துள்ளல். அடுத்த மூச்சில் தங்கை அவளை 'தீதி' என்கிறாள், அவள் தங்கையை வங்காளத்தில் 'போன்' என்கிறாள். குடும்பப் பெயர் ஷர்மா. இந்தியாவை ஒரே குண்டானில் போட்டுக் கிளறிவிட்டார்கள். ஆனால் நாம் நாலு நாட்டையும் சேர்த்து 'இங்கிலீஷ்காரன்' என்று சொல்கிறவர்கள்தானே, ரொம்பக் கோபப்படவும் முடியவில்லை.

போர்ப் படங்களில் இந்தியச் சிப்பாய்கள் ஏன் இல்லை?

1940 மே, ஜூனில் டன்கர்க் கடற்கரையிலிருந்து 3,38,000 பேரை மீட்டார்கள். பிரிட்டிஷ் படையோடு கோவேறு கழுதைகளில் பொதி சுமந்த நான்கு இந்தியக் கம்பெனிகளும் அப்போது பிரான்சில் இருந்தன. 2017இல் வந்த கிறிஸ்டோபர் நோலனின் 'டன்கர்க்' படத்தில் அவர்களைக் காணோம் என்று சர்ச்சை எழுந்தது. பிரெஞ்சுக்காரர்களும் தங்களை ஓரங்கட்டியதாக வருந்தினார்கள். படமாக அது பிரமாதம். ஆனால் 'தனியாக நின்று சமாளித்தோம்' என்பது பிரிட்டனுக்கு மிகப் பிடித்த நினைவு, கூட இருந்தவர்களைக் காட்டினால் அந்தத் தனிமை கலைந்துவிடும்.

முதலில் எந்தப் படத்தைப் பார்க்கலாம்?

ஈலிங்கின் 'பாஸ்போர்ட் டு பிம்லிகோ' (1949). லண்டனில் கடும் வெயில். வெடிக்காமல் கிடந்த குண்டு ஒன்று வெடிக்க, அடியில் பழைய பத்திரம் ஒன்று கிடைக்கிறது. அதன்படி பிம்லிகோவின் அந்தத் தெருப்பகுதி பிரிட்டனே இல்லை, பர்கண்டி நாடு! ஜனங்கள் ரேஷன் கார்டைக் கிழிக்கிறார்கள், அரசு முள்கம்பி போடுகிறது. நாங்கள் இங்கிலீஷ்காரர்கள், அதனால்தான் பர்கண்டிக்காரராக இருக்கும் உரிமையை விடமாட்டோம் என்று ஒரு அம்மாள் சண்டைக்கு நிற்பார். கடைசியில் சமாதானமாகி, தெருவில் மேஜை போட்டு விருந்து வைத்து, மறுபடி பிரிட்டனோடு சேர்கிறார்கள். சேர்ந்த அந்த நிமிஷமே வெயில் போய் மழை கொட்டத் தொடங்குகிறது.